சின்னச் சொத்தைக்கு ஏன் பெரிய ஓட்டை? பல்லை அடைப்பதற்கு முன் மருத்துவர் செய்வது என்ன?

கண்ணாடியில் பார்த்தால் ஒரு கறுப்புப் புள்ளி. அவ்வளவுதான் தெரியும். ஆனால் பல் மருந்தகத்திலிருந்து திரும்பி வந்து பார்த்தால், அடைப்பு பல்லின் கால்வாசியைப் பிடித்திருக்கும்.

"இத்துனூண்டு சொத்தைக்கு ஏன் இவ்வளவு வெட்டினாங்க?"

நியாயமான கேள்விதான். எலும்பு முறிந்தால் ஒட்டிக்கொள்ளும். தோல் கிழிந்தால் ஆறிவிடும். பல்லை வெட்டினால் வெட்டியதுதான், அது மறுபடி வளராது. அதனால் எங்கே வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது, எங்கே நிறுத்துவது என்பதற்குப் பல் மருத்துவத்தில் தனி விதிகள் இருக்கின்றன. 100 ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கும் அந்த விதிகள், கடந்த சில பத்தாண்டுகளில் நிறையவே மாறிவிட்டன.

அந்த விதிகள் தெரிந்தால், அடுத்தமுறை அந்த நாற்காலியில் சாயும்போது என்ன நடக்கிறது என்று உங்களுக்குப் புரியும். சரியான கேள்வியும் கேட்கலாம்.

மேலே புள்ளி, உள்ளே குகை

பல்லின் வெளிப்பகுதி எனாமல். உடலிலேயே ஆகக் கடினமான பொருள் அதுதான். அதன் எடையில் சுமார் 96 விழுக்காடு தாது. அதற்குக் கீழே டென்டின். அதில் தாது சுமார் 70 விழுக்காடுதான். மீதம் புரதமும் நீரும். நடுவில் இருப்பது பற்கூழ். நரம்பும் ரத்தக் குழாய்களும் அங்கேதான் இருக்கின்றன.

பபிள் டீ, தே தாரிக், மைலோ என்று இனிப்பானவை உள்ளே போகும்போது, பல்லில் ஒட்டியிருக்கும் கிருமிப் படலம் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியிடும். பல்லின் மேற்பரப்பில் அமில அளவு, அதாவது பிஎச், சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலின் தாது கரைய ஆரம்பிக்கும். பிறகு உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, கரைந்த தாதுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். ஒரு நாளில் இது பலமுறை நடக்கும்.

அடிக்கடி இனிப்பு போய்க்கொண்டே இருந்தால் உமிழ்நீருக்கு நேரம் கிடைப்பதில்லை. கரைவது அதிகமாகும், சேர்வது குறையும். சொத்தை தொடங்குவது இப்படித்தான்.

எனாமலைத் தாண்டி டென்டினைத் தொட்டதும் கதை மாறும். டென்டின் மென்மையானது. அதில் பற்கூழை நோக்கிப் போகும் நுண்குழாய்கள் நிறைந்திருக்கும். சொத்தை அங்கே பக்கவாட்டிலும் பரவும், கீழேயும் இறங்கும். மேலே எனாமல் கூரைபோல் அப்படியே நிற்கும். நீங்கள் பார்த்த கறுப்புப் புள்ளி அந்தக் கூரையில் விழுந்த ஓட்டை மட்டுமே. உள்ளே இருப்பது அதைவிடப் பெரிய குகை.

ஆக, மருத்துவர் வெட்டுவதில் ஒரு பகுதி ஏற்கெனவே கெட்டுப்போனதுதான். மீதி எதற்காக?

பழைய விதி: வருமுன் வெட்டு

இந்த விதிகளை முறைப்படுத்தியவர் அமெரிக்கப் பல் மருத்துவர் ஜி.வி. பிளாக் (1836-1915). 1908இல் வெளிவந்த அவருடைய நூல், பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடமாக இருந்தது. சொத்தை பல்லின் எந்த இடத்தில் வருகிறது என்பதை வைத்து அவர் செய்த வகைப்பாட்டைப் பல் மருத்துவப் பள்ளிகள் இன்றும் சொல்லிக்கொடுக்கின்றன.

முதல் வகை கடைவாய்ப் பல்லின் மேலே இருக்கும் குழிகளில் வருவது. இரண்டாவது, கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடும் பக்கத்தில் வருவது. மூன்றும் நான்கும் முன்பற்களின் பக்கங்களில். ஐந்தாவது ஈறு ஓரத்தில்.

அப்போது பல்லை அடைக்க அதிகம் பயன்பட்டது அமால்கம். பாதரசத்துடன் வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் தூளைக் கலந்து செய்வது. பாட்டி, தாத்தாவின் கடைவாயில் சாம்பல் நிறத்தில் தெரிகிறதே, அதுதான். நன்றாக உழைக்கும். ஆனால் அதற்கு ஒரு குறை: பல்லோடு ஒட்டாது.

ஒட்டாத பொருளைப் பல்லுக்குள் எப்படி நிறுத்துவது? பல்லின் வடிவத்தை அதற்கேற்ப மாற்றவேண்டியிருந்தது.

- பிடிப்பு: குழியின் வாய் குறுகலாகவும் அடிப்பகுதி சற்று அகலமாகவும் வெட்டப்படும். அப்போதுதான் அடைப்பு மேலே கழன்று வராது.

- தாங்கும் வலிமை: அமால்கம் மெல்லியதாக இருந்தால் நொறுங்கிவிடும். குறைந்தது சுமார் 1.5 மில்லிமீட்டர் தடிப்பு வேண்டும். கடிக்கும்போது விழும் பளுவைத் தாங்கக் குழியின் தரை தட்டையாக இருக்கவேண்டும்.

- கைக்கு எட்டும் வழி: இரண்டு பற்களுக்கு நடுவே இருக்கும் சொத்தையைப் பக்கவாட்டிலிருந்து தொடமுடியாது. மேலிருந்து நல்ல பல்லைக் கொஞ்சம் வெட்டித்தான் உள்ளே போகவேண்டும்.

- ஓரம்: கீழே டென்டின் தாங்காத எனாமல் கண்ணாடி மாதிரி, பளு விழுந்தால் உடையும். அதையும் எடுத்துவிடுவார்கள்.

இதற்கெல்லாம் மேலே இன்னொரு விதியும் இருந்தது. 'தடுப்பதற்காக விரிவாக்கு' என்று அதைச் சொல்லலாம். இன்று சொத்தை இல்லாத பள்ளமும் நாளைக்குச் சொத்தையாகலாம். அதனால் பக்கத்துப் பள்ளங்களையும் இப்போதே வெட்டி, எளிதில் சுத்தமாகும் இடம்வரை அடைப்பை நீட்டிவிடு என்பதுதான் அது.

இன்று கேட்டால் கொடுமையாகத் தோன்றும். அந்தக் காலத்தில் ஃபுளோரைடு பற்பசை கிடையாது. சொத்தை வேகமாகப் பரவியது. ஒருமுறை அடைத்த பல்லின் ஓரத்திலேயே மறுபடி சொத்தை வந்தது. அன்றைய நிலையில் அது நோயாளியைக் காப்பாற்றும் விதியாகத்தான் இருந்தது.

அடைப்பு ஒட்ட ஆரம்பித்தது

1955இல் மைக்கேல் போனோகோர் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு சிறிய கட்டுரை வெளியிட்டார். எனாமல்மீது பாஸ்ஃபாரிக் அமிலத்தைச் சிறிது நேரம் தடவிக் கழுவினால், அதன்மேல் பிசின் நன்றாக ஒட்டும் என்று அதில் காட்டியிருந்தார். அமிலம் எனாமலில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளை ஏற்படுத்துகிறது. பிசின் அந்தத் துளைகளுக்குள் வழிந்து இறுகிவிடுகிறது.

அதன்பிறகு ரஃபேல் போவன் என்பவர் உருவாக்கிய பிசினிலிருந்து இன்றைய காம்போசிட் வளர்ந்தது. பல் நிறத்தில் இருக்கும் அடைப்பு அதுதான். பிசினும் கண்ணாடி போன்ற நுண்துகள்களும் கலந்தது. எனாமலோடு ஒட்டிய பசை, பின்னாளில் டென்டினோடும் ஒட்டுவதற்கு வழி கண்டுபிடித்தார்கள்.

இதனால் என்ன மாறியது?

அடைப்பே பல்லோடு ஒட்டிக்கொள்வதால், பிடிப்புக்காக நல்ல பல்லை வெட்டத் தேவையில்லை. தட்டையான தரை வேண்டாம். பக்கத்துப் பள்ளங்களை வெட்டவும் வேண்டாம். அவற்றின்மீது மெல்லிய பூச்சு போட்டு மூடினால் போதும். சொத்தை எந்த வடிவமோ அந்த வடிவம்தான் குழி. மூலைகள் கூர்மையாக இல்லாமல் வளைவாக இருக்கும். கூரான மூலையில் பளு குவிந்து பல்லில் விரிசல் விடலாம் என்பதே காரணம்.

இன்றைய விதியைச் சுருக்கமாகச் சொன்னால்: கெட்டதை எடு, நல்லதைத் தொடாதே.

நாற்காலியில் நடப்பது: படிப்படியாக

1. எவ்வளவு ஆழம் என்று பார்ப்பது. எக்ஸ்ரே எடுப்பார்கள். பற்களுக்கு இடையில் ஒளிந்திருக்கும் சொத்தை வெறும் கண்ணுக்குத் தெரியாது. எனாமல் உடையாமல் வெள்ளைப் புள்ளியாக மட்டும் இருந்தால் பெரும்பாலும் வெட்டவே வேண்டாம். ஃபுளோரைடு பூச்சு, சரியாகத் துலக்குவது, இனிப்பைக் குறைப்பது என்று நிறுத்திவிட முடியும்.

2. நிறம் தேர்ந்தெடுப்பது. இதை முதலிலேயே செய்வார்கள். வாய் திறந்தே இருந்தால் பல் காய்ந்து, வழக்கத்தைவிட வெளுப்பாகத் தெரியும். அப்புறம் தேர்ந்தெடுத்தால் நிறம் பொருந்தாது.

3. மரத்துப்போகும் ஊசி. சின்னச் சொத்தைக்கு இது தேவைப்படாமலும் போகலாம்.

4. பல்லைத் தனிமைப்படுத்துவது. ரப்பர் விரிப்பில் துளை போட்டு, அந்தப் பல்லை மட்டும் வெளியே எடுப்பார்கள். அல்லது பஞ்சுச் சுருள்களை வைப்பார்கள். பசைக்கு உமிழ்நீர் ஆகாது. ஈரமோ ரத்தமோ பட்டால் ஒட்டுவது பலவீனமாகிவிடும்.

5. திறப்பது. வேகமாகச் சுழலும் டிரில் நிமிடத்துக்கு 300,000 சுற்றுக்கும் மேல் சுற்றக்கூடியது. அந்த உராய்வில் வெப்பம் உண்டாகும். பற்கூழ் சூடானால் செத்துவிடலாம். அதனால்தான் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கிறார்கள். வாயில் தண்ணீர் நிரம்புவது தொல்லைதான், ஆனால் அது பல்லைக் காப்பாற்றும் தண்ணீர்.

6. சொத்தையை எடுப்பது. எனாமலைத் தாண்டியதும் மெதுவாகச் சுழலும் கருவிக்கு மாறுவார்கள். அல்லது சின்னக் கரண்டி போன்ற கைக்கருவியால் சுரண்டுவார்கள். கையில் உணரும் கடினத்தைக் கொண்டே கெட்டது எது, நல்லது எது என்று பிரிப்பார்கள்.

7. சுவர் கட்டுவது. பக்கத்துச் சுவர் போயிருந்தால், பல்லைச் சுற்றி மெல்லிய உலோகப் பட்டை ஒன்றைக் கட்டி, ஈறு ஓரத்தில் ஆப்பு ஒன்றைச் செருகுவார்கள். பற்களுக்கு இடையே அழுத்துவதுபோல் இருப்பது இதனால்தான். இதைச் சரியாகச் செய்யாவிட்டால், பிறகு அந்த இடைவெளியில் சாப்பாடு மாட்டிக்கொண்டே இருக்கும்.

8. அமிலம், பசை, அடைப்பு. அமிலத்தைத் தடவிக் கழுவி, பசை பூசி, காம்போசிட்டைச் சுமார் 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைப்பார்கள். ஒவ்வோர் அடுக்கின்மீதும் நீல ஒளி பாய்ச்சுவார்கள். ஒளி அதற்குமேல் ஆழமாகப் போகாது. காம்போசிட் இறுகும்போது கொஞ்சம் சுருங்கவும் செய்யும். ஒரேயடியாக நிரப்பினால் அடியில் இறுகாமல் போகலாம், ஓரத்தில் இடைவெளியும் விழலாம். இன்னும் தடிப்பான அடுக்காக வைக்கக்கூடிய காம்போசிட்டும் இப்போது உண்டு. அப்போது பிடிக்கும் ஆரஞ்சு நிறத் தடுப்பு, நீல ஒளி கண்ணில் படாமல் இருக்க.

9. கடித்துப் பார்ப்பது. வண்ணத்தாளைக் கடிக்கச் சொல்வார்கள். உயரமான இடத்தில் சாயம் ஒட்டும். அதைத் தேய்த்துச் சரிசெய்வார்கள்.

ஆகப் பெரிய கேள்வி: எங்கே நிறுத்துவது?

சொத்தை பற்கூழுக்கு மிக அருகில் போயிருந்தால் என்ன செய்வது?

முன்பெல்லாம் பாடம் தெளிவாக இருந்தது. கெட்ட டென்டின் துளிகூட மிஞ்சக்கூடாது, கடினமான தரை வரும்வரை சுரண்டு. அப்படிச் சுரண்டும்போது சில பற்களில் பற்கூழ் திறந்துகொண்டது. அதன்பின் வேர்ச் சிகிச்சைதான்.

இன்று அந்தப் பாடம் மாறிவிட்டது. சொத்தையில் இரண்டு அடுக்கு உண்டு. மேலடுக்கு ஈரமாக, குழைந்து, கிருமி நிறைந்திருக்கும். அது தேறாது. அதற்குக் கீழே தோல் பதத்தில் இருக்கும் அடுக்கு தாதுவை இழந்திருக்கிறது, ஆனால் அதன் கட்டமைப்பு இன்னும் அழியவில்லை. அது மறுபடி இறுகக்கூடியது.

எனவே ஆழமான சொத்தையில், பற்கூழுக்கு நேர் மேலே இருக்கும் அந்தக் கொஞ்சத்தை விட்டுவிட்டு, அதன்மேல் நன்றாக மூடிவிடுவதே நல்லது என்று அனைத்துலக வல்லுநர் குழு ஒன்று 2016இல் பரிந்துரைத்தது. உள்ளே அடைபட்ட கிருமிகளுக்குச் சர்க்கரை கிடைக்காது. அவற்றின் வேலை ஓய்ந்துவிடும்.

இதற்கு ஒரு கண்டிப்பான நிபந்தனை உண்டு. குழியின் ஓரங்கள் முழுக்கச் சுத்தமாக, கடினமாக இருக்கவேண்டும். அங்கேதான் பசை ஒட்டி மூடுகிறது. ஓரம் கசிந்தால் உள்ளே இருக்கும் கிருமிக்கு மறுபடியும் சாப்பாடு கிடைத்துவிடும்.

இன்னொரு நிபந்தனை, பற்கூழ் இன்னும் நலமாக இருக்கவேண்டும். குளிர்ச்சி பட்டதும் சுளீரென்று வலித்து, உடனே நின்றுவிட்டால் நம்பிக்கை உண்டு. வலி நீண்ட நேரம் நீடித்தாலோ, தானாக வந்தாலோ, இரவில் தூங்கவிடாமல் செய்தாலோ பற்கூழ் தேறாத நிலைக்குப் போயிருக்கலாம். அதற்கு அடைப்பு மட்டும் போதாது.

"சொத்தையை மிச்சம் வச்சு மூடிட்டாரே" என்று பயப்படவேண்டாம். ஆழமான இடத்தில் அது தெரிந்தே எடுக்கும் முடிவாக இருக்கலாம். கேட்டுப் பாருங்கள், விளக்குவார்கள்.

ஒரு பல், பல அடைப்புகள்

அடைப்பு நிரந்தரம் அல்ல. ஒருநாள் தேயும், உடையும், ஓரத்தில் சொத்தை வரும். பழைய அடைப்பை எடுத்துப் புதிதாக வைக்கும்போது, குழி முன்பைவிடப் பெரிதாகிவிடும். பல் நிறத்து அடைப்பு என்றால் இன்னும் கஷ்டம். எங்கே அடைப்பு முடிகிறது, எங்கே பல் தொடங்குகிறது என்று பிரித்துப் பார்ப்பதே சிரமம். நல்ல பல்லும் கூடவே போகும்.

20 வயதில் சின்ன அடைப்பு. சில ஆண்டுகளில் அது பெரிதாகும். பிறகு சுவர் உடையும், மேல்மூடி தேவைப்படும். அடுத்து வேர்ச் சிகிச்சை. கடைசியில் பல்லையே எடுக்கவேண்டிவரும். எல்லாருக்கும் இப்படி நடப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு படியிலும் பல் குறைந்துகொண்டே போகிறது. முதல் வெட்டு எவ்வளவு சிறியதோ, பல்லின் ஆயுள் அவ்வளவு நீளும்.

அதனால் ஓரத்தில் சின்னதாக உடைந்திருந்தால், முழுவதையும் மாற்றாமல் அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியுமா என்று இப்போது மருத்துவர்கள் முதலில் பார்க்கிறார்கள். ஓரத்தில் காப்பிக் கறை படிந்திருந்தால் மட்டும் அது சொத்தை ஆகிவிடாது.

அப்படியானால் பாட்டியின் அமால்கம்?

உறுதியாக இருந்தால் அவசரப்பட்டு எடுக்கத் தேவையில்லை. எடுப்பதற்கு நல்ல பல்லையும் வெட்டவேண்டிவரும், வெட்டும்போது பாதரச ஆவியும் வெளியாகும். நல்ல நிலையில் இருப்பதை மருத்துவக் காரணம் இல்லாமல் எடுக்கவேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020இல் அறிவுறுத்தியது.

புதிதாக வைப்பது வேறு விஷயம். பாதரசம் சுற்றுப்புறத்தைக் கெடுக்கும். 2017இல் நடப்புக்கு வந்த மினமாட்டா உடன்பாடு, அமால்கம் பயன்பாட்டைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 தொடக்கத்திலிருந்து, சில மருத்துவ விதிவிலக்குகள் தவிர, அதைத் தடைசெய்துவிட்டது.

எப்போது அதிகம் வெட்டத்தான் வேண்டும்?

குறைவாக வெட்டுவது எப்போதும் சரி என்று நினைத்துவிடக்கூடாது. கடைவாய்ப் பல்லின் முகடு விரிசல் விட்டிருந்தால், அதை அப்படியே விட்டு நடுவில் மட்டும் அடைப்பது ஆபத்து. கடினமான முறுக்கு ஒன்றைக் கடித்தாலும் பல் வேர்வரை பிளந்துவிடலாம். பிளந்தால் எடுப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

அப்படிப்பட்ட பல்லுக்கு முகட்டை மூடும் மேல்மூடி வேண்டும். அதற்கு இடம் உண்டாக்கக் கடிக்கும் பரப்பிலிருந்து சுமார் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் தேய்க்கவேண்டியிருக்கும். வேர்ச் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் மேல்மூடி போடச் சொல்வதும் இதற்காகத்தான். பற்கூழ் போனதைவிட, சொத்தையாலும் சிகிச்சையாலும் பல்லின் சுவர்கள் குறைந்துபோனதே அதைப் பலவீனமாக்குகிறது.

மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

- இது வெட்டியே ஆகவேண்டிய சொத்தையா? ஃபுளோரைடு போட்டுக் கவனித்துப் பார்க்கலாமா?
- எக்ஸ்ரேயில் எவ்வளவு ஆழம் தெரிகிறது? காட்டமுடியுமா?
- பழைய அடைப்பை முழுக்க மாற்றவேண்டுமா, பழுதான இடத்தை மட்டும் சரிசெய்யலாமா?
- ஏன் இந்தப் பொருள்? ஏன் அடைப்பு, ஏன் மேல்மூடி?

சிங்கப்பூரில் நீல, ஆரஞ்சு நிற சாஸ் அட்டை வைத்திருப்போர், திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் பல் மருந்தகங்களில் பல்லடைப்புக்கு மானியம் பெறலாம். செலவை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடைத்த பிறகு

மரத்துப்போன கன்னமும் நாக்கும் சரியாகும்வரை சாப்பிடாமல் இருப்பது நல்லது. தெரியாமல் கடித்துக்கொள்வீர்கள். சில நாள்களுக்குக் குளிர்ச்சி பட்டால் கூசலாம், அது பெரும்பாலும் தானாகக் குறையும். கடிக்கும்போது மட்டும் அந்தப் பல் முதலில் இடிப்பதுபோல் இருந்தால் அடைப்பு உயரமாக இருக்கலாம். "பழகிடும்" என்று விடாதீர்கள். திரும்பப் போனால் சில நிமிடத்தில் தேய்த்துவிடுவார்கள்.

சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரில் 1950களிலிருந்தே ஃபுளோரைடு சேர்க்கப்படுகிறது. அத்துடன் ஒரு நாளைக்கு இருமுறை ஃபுளோரைடு பற்பசையால் துலக்குவது, பற்களுக்கு இடையே நூல் விட்டுச் சுத்தம் செய்வது, இனிப்புப் பானத்தை மணிக்கணக்கில் உறிஞ்சிக்கொண்டே இருக்காமல் ஒரே நேரத்தில் குடித்து முடிப்பது ஆகியவற்றை வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

அடைப்பு உள்ள பல்லுக்கும் இதெல்லாம் பொருந்தும். காம்போசிட் சொத்தையாகாது, அதைச் சுற்றியிருக்கும் பல் சொத்தையாகும்.